கையால் செய்ததற்குச் சான்று

பொம்மைக்காரர் வேதகிரி கண் எழுதிய பிறகுதான் பண்ருட்டியில் தெய்வங்களுக்கே பார்வை வந்தது. சொன்னவரும் வேதகிரிதான்.

கைவேலைதானா என்று சோதிக்கும் மரபுத்துறை இயந்திரம் அவருடைய கொலு பொம்மைகளை மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பியது: “இரு கண்களும் மயிரிழைகூடப் பிசகவில்லை. மனிதர் செய்ததல்ல.” கைவேலை முத்திரை இல்லாமல் விற்க முடியாது. நவராத்திரிக்கு நான்கே நாள்.

மைத்துனன் கோதண்டத்தின் பொம்மைகளுக்கு உடனே முத்திரை கிடைத்திருந்தது.

“ஒரு கண்ண லேசா கோணலா வுட்டேன் மாமா. மிஷினுக்கு அதான் புடிக்குது.”

“த்தூ! சாமிக்கே மாறுகண் வக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்மக்காரனாடா?”

கோதண்டம் சிரித்துக்கொண்டே போனான். வேதகிரி கதவைத் தாழிட்டார். மகாலட்சுமி பொம்மையிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, அவளுடைய இடது கருவிழியை அழித்து, மூக்கை ஒட்டி வரைந்தார். பிறகு அடுத்த மகாலட்சுமியை எடுத்தார். இன்னும் நூற்றுப்பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள்.