ஆறு பேஸ்

மணி நாலாக ஐந்து நிமிடம் இருக்கும்போது கேசரி வந்தது. வேல்பாண்டிக்கு இமை இறங்கியது.

நாலு மணி அவன் தூங்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண்ணைப் பார்த்து, பேசி, பிடித்திருக்கிறதா என்று சொல்லியாக வேண்டும். ஓடைப்பட்டியிலிருந்து கடமலைக்குண்டு வரும் வழியில் காரிலேயே கொஞ்சம் கண் அசந்திருக்கலாம். சாய்ந்தால் சட்டை கசங்கும் என்று அம்மா பஞ்சம்மாள் வழியெல்லாம் அவனை நிமிர்த்தி வைத்துக்கொண்டே வந்தாள்.

மனிதன் இரவு முழுக்கத் தூங்க வேண்டியதில்லை என்று ஒரு வீடியோ சொல்லியிருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஆறு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் அதில் பேஸ் என்று பெயர். மிச்சமாகும் நேரத்தைக் கூட்டினால் அறுபது வருடத்தில் பதினைந்து வருடம். இருபத்தொன்பது வயதுக்குள் எட்டுப் பெண் வீடுகளில் கேசரி மட்டும் தின்றுவிட்டுத் திரும்பியவனுக்குப் பதினைந்து வருடம் சும்மா கிடைத்தால் கசக்குமா?

முதல் பத்து நாள் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும் என்றார் வீடியோவில் பேசியவர். பத்தாவது நாள் நேற்றோடு முடிந்திருந்தது. மிச்சப்படுத்திய நேரத்தில் அவன் திராட்சைத் தோட்டத்துக் கல்தூண்களை இரண்டு முறை எண்ணியிருந்தான். இரண்டு முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது.

ஒன்பதாவது வீடும் தட்டிப்போனால் இனிமேல் உனக்குப் பெண் தேட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கேசரியில் கிடந்த முந்திரியைக் கடித்தான். பல் மட்டும்தான் விழித்திருந்தது.

பெண் யுவராணி காபி கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றாள். அவன் பார்த்தது அவள் வளையலை மட்டும். அதற்கு மேல் கண்ணைத் தூக்க முடியவில்லை. தலை தொங்கியது.

“பையன் நிமிந்துகூடப் பாக்கல. எம்புட்டு அடக்கம்!” என்றார் பெண்ணின் அப்பா சுருளிராஜன்.

அவருக்குத் தென்னந்தோப்பு. தண்ணீரைத் தவிர வேறு எதைப் பற்றியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார். நாலாவது நிமிடத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

“சரி மாப்ள, தோட்டத்துல கரண்டு எத்தன பேஸு?”

வேல்பாண்டியின் காதில் கடைசி இரண்டு சொல் மட்டும் விழுந்தது.

“ஆறு பேஸு, மாமா.”

சுருளிராஜன் அள்ளிய மிக்சரைத் தட்டிலேயே போட்டார். மோட்டாருக்கு மூன்று பேஸ் மின்சாரம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர் அவர்.

“ஆறா! அப்ப ரெண்டு கரண்டு சர்வீஸு. கெணத்துக்கு மூணு, போருக்கு மூணு. அப்படித்தான மச்சான்?”

வேல்பாண்டியின் அப்பா ராக்கையாவிடம் இருந்தது ஒரு கிணறு, ஒரு மோட்டார். அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். பஞ்சம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, “ஆமாண்ணே” என்றாள்.

வேல்பாண்டியின் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி கேசரி விழுந்தது.

“எப்பப்ப வரும் மாப்ள?”

“நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா, மாமா. இருவது நிமிசம்.”

“இருவது நிமிசமா? அதுல வாய்க்காலே நனையாதேய்யா!”

அந்தச் சத்தத்தில் வேல்பாண்டி விழித்துக்கொண்டான். தட்டில் கேசரி கூடியிருந்தது. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவர் கேட்டதும் தான் சொன்னதும் மெதுவாகத் தலைக்குள் வந்து ஒன்றுசேர்ந்தன.

வாயைத் திறக்காமல் இருந்தால் இரண்டு சர்வீஸ். பெண்ணும் கிடைப்பாள். பஞ்சம்மாள் அவன் தொடையைக் கிள்ளினாள்.

“அது கரண்டு இல்ல மாமா, நான் தூங்குறது. மோட்டாரு ஒண்ணுதான். மூணு பேஸுதான்.”

வீடியோ, துண்டுகள், பதினைந்து வருடம் எல்லாவற்றையும் அவன் சொல்லி முடிக்கும்வரை யாரும் மிக்சர் மெல்லவில்லை.

“அப்ப ராத்திரி பூராம் முழிச்சா கெடப்பீக?”

“ஆமா மாமா.”

“இதெல்லாம் மனுசன் தூங்குற தூக்கமாய்யா? எங்க வீட்டுக் கோழிகூட ஒரே மூச்சாத்தான் தூங்குது.”

சுருளிராஜன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். ராக்கையா உட்கார்ந்தபடியே காலால் செருப்பைத் தேடினார். செருப்பு வாசலில் இருந்தது.

அடுப்படி வாசலிலிருந்து குரல் வந்தது.

“அப்பா, அவுக ஊர்லயும் மோட்டாருக்கு ராத்திரிதான் கரண்டு விடுறாகளான்னு கேளுங்க.”

“ரெண்டு மணிக்கு விடுவாக” என்றான் வேல்பாண்டி.

“யாரு எந்திரிச்சுப் போய்ப் போடுறது?”

“நாந்தான். முழிச்சுத்தான இருப்பேன்.”

அவள் யோசிக்கவே இல்லை.

“எனக்குச் சம்மதம்ப்பா.”

வேல்பாண்டி அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்திருந்தது. மை இல்லை. கதவில் சாய்ந்து ஒரு கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள்.

சுருளிராஜன் மகளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே தோப்பைப் பார்த்தார். எழுந்தவர் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஏத்தா, அப்ப நம்ம மோட்டாருக்கு யாரு எந்திரிப்பா?”