வழக்கமான இடம்

தேவாலய வாசலுக்கு மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கிக்குத் தன் குரல்மீது அப்படியொரு பெருமை. ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு சொல்வது அதன் வேலை.

"அன்பின் விருந்து வழக்கமான நேரத்தில், வழக்கமான இடத்தில் நடைபெறும். புதிதாக வந்தவர்கள் கட்டாயம் கலந்துகொள்ளவும்!" என்று அந்த ஞாயிறு தெருவே அதிர முழங்கியது.

கீழே, செருப்புக் கூட்டத்தின் ஓரத்தில் கிடந்த நீலச் செருப்பு அண்ணாந்து பார்த்தது. அன்றுதான் அது முதல்முறை வந்திருந்தது.

"அண்ணே, அந்த வழக்கமான இடம் எங்கேண்ணே இருக்கு?"

"என்னம்மா இப்படிக் கேக்குறே? அதான் எல்லாருக்கும் தெரியுமே!" என்று சிரித்த ஒலிபெருக்கி, சத்தம்தான் போதவில்லையோ என்று நினைத்து, அதே அறிவிப்பை இன்னும் உரக்கச் சொன்னது.

மற்ற செருப்புகளெல்லாம் கலகலவென்று ஆலயத்தின் பின்பக்கம் போயின. நீலச் செருப்பு கேட் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. எங்கிருந்தோ பிரியாணி வாசனை வந்தது. பிறகு அது தெருவில் இறங்கிப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அந்த ஓரம் காலியாகக் கிடந்தது. ஒலிபெருக்கிக்கு என்னவோபோல் இருந்தது. வாரம் தவறாமல் வரும் தோல்செருப்பிடம் கேட்டது.

"அந்த நீலப்பொண்ணு எங்கேப்பா?"

"எங்கே போகும்? வழக்கமான இடத்துக்குத்தான் போயிருக்கும்."

"அது எங்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒலிபெருக்கி கத்தியது தெருவுக்கே கேட்டது.