ஊர் கூடிப் பாடிய பாட்டு

கல்சனுக்குக் கொடுத்த குதிரை நாலடி நடப்பதும், நின்று மஞ்சள் பூவைத் தின்பதுமாக இருந்தது.

அவன் மேலே உட்கார்ந்து, தானே வேண்டுமென்று நிறுத்தியதுபோல் மலையைப் பார்த்தான்.

மலை முழுக்கப் பூ. இந்த வருடம் மழை தாராளம். மஞ்சளும் நீலமுமாகக் குதிரைகளின் மூட்டுவரை பூத்துக் கிடந்தது. அவன் மனைவி உயங்கா சேணத்தில் இருந்தபடியே படமாக எடுத்துத் தள்ளினாள். தலைநகர் உலான்பாத்தரில் இருக்கும் தோழிகள் வயிறெரிய வேண்டாமா?

கல்சன் கண்ணுக்கு ஒரு பூவும் தெரியவில்லை. முன்னால் போகும் மைத்துனனின் முதுகுதான் தெரிந்தது.

உயங்காவின் அண்ணன் தம்தின், இந்தப் பள்ளத்தாக்கில் பந்தயக் குதிரை வளர்ப்பவன். அவன் குதிரைகள் முதலில் வரும். என்றைக்காவது மனசு சரியில்லையென்றால் இரண்டாவதாக வரும். தங்கையைக் கட்டிய நகரத்து லிஃப்ட் மெக்கானிக்கை அவன் ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. ஒரு வார்த்தை கூடுதலாகவும் பேசியதில்லை.

அதைக்கூடக் கல்சன் பொறுத்துக்கொள்வான். மகள் நொமின் முன்னால் மானம் போகாமல் இந்த விடுமுறை முடிய வேண்டும், அவ்வளவுதான்.

நொமினுக்கு ஒன்பது வயது. வந்த நாளிலிருந்து மாமன் பிள்ளைகளோடு குதிரையும் கையுமாகத் திரிந்தாள். அவர்களிடம் அவள் அளந்தது ஒரே கதை: சின்ன வயதில் அப்பா நாடோம் விழாவில் குதிரை ஓட்டினார். ஊரே கூடி நின்று அப்பாவின் குதிரைக்குப் புகழ்ப்பாட்டுப் பாடியது. பாடகர் வந்து குதிரையின் முதுகில் பால் தெளித்தார்.

அவளைத் தூங்கவைக்கக் கல்சன் சொல்லிவந்த கதை அது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருந்தும் அதைக் கேட்டுவிட்டுத் தம்தின் தாடையைத் தடவியபோது, கல்சன் அவசரமாகப் பேச்சை மாற்றினான்.

இப்போது தன் குதிரையிலிருந்து நொமின் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, கீங்கோ பாடுங்கப்பா! மாமா கேக்கட்டும்.”

பந்தயம் தொடங்குமுன் சிறுவர்கள் குதிரைமேலிருந்து பாடுவது அது. தம்தின் சட்டென்று கையை உயர்த்தினான்.

“வேணாம் மாப்பிள்ளை. இதெல்லாம் பந்தயத்துல ஓடுன உருப்படிங்க.”

உன்னால் முடியாது என்கிறான் என்றே கல்சன் எடுத்துக்கொண்டான். மகள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொப்பியை அழுத்திவிட்டு, அடிவயிற்றிலிருந்து எடுத்தான்.

“கீஈஈங்கோஓஓ...”

மூன்று குதிரைகளின் காதுகள் ஒன்றாக நிமிர்ந்தன.

அடுத்த நொடி மூன்றும் அங்கே இல்லை. தம்தினின் கூடாரங்களை நோக்கிப் பறந்துவிட்டன. “பாவி மனுசா...” என்று உயங்கா தொடங்கிய வசவின் மீதியைக் காற்று கொண்டுபோனது. தம்தின் வாரை இழுத்துப் பிடித்துக் கத்திக்கொண்டு போனான். எல்லோருக்கும் முன்னால் நொமின், குதிரையின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, வீலென்று கத்திச் சிரித்தபடி போனாள்.

நான்காவது குதிரை பூ தின்றது.

கல்சன் “சூ!” என்றான். குதிகாலால் உதைத்தான். இன்னொரு முறை உரக்கக் கீங்கோ பாடிப் பார்த்தான். லிஃப்டாக இருந்தால் எதைத் திறந்து எங்கே தட்டுவது என்று தெரிந்திருக்கும். குதிரை மஞ்சளை விட்டு நீலப் பூவுக்கு மாறியது.

மைத்துனன் அவனுக்கென்றே பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தது. சாது. வயதாகிக் காதும் அடைத்துப்போன சாது.

அவன் கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தபோது மற்ற மூன்றுக்கும் சேணம் இறக்கியாகிவிட்டது. பக்கத்துக் கூடாரத்து ஆட்கள்வரை வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். தம்தின் கையில் புளித்த குதிரைப்பால் கிண்ணம்.

நொமின் ஓடிவந்து கல்சனின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான் ஃபர்ஸ்ட்டுப்பா. நீங்க... கடைசியா?”

மெதுவாகத்தான் கேட்டாள். எல்லோருக்கும் கேட்டது. கல்சனுக்கு எங்காவது ஓடிப் போய்விடலாம் போலிருந்தது. அதற்கும் இந்தக் குதிரை உதவாது.

“இறங்காதீங்க மாப்பிள்ளை,” என்றான் தம்தின். “முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

நாடோமில் முதலில் வந்த குதிரைக்குப் பாட்டு உண்டு. இரண்டு வயதுக் குட்டிகளின் ஓட்டத்தில் கடைசியாக வந்த குட்டிக்கும் ஒரு பாட்டு உண்டு, பாவம் அது மனம் ஒடிந்துபோகக் கூடாதென்று. இந்தக் கிழத்துக்கு அதைப் பாடப்போகிறான் என்றதும் கூட்டம் சிரிக்கத் தயாரானது.

தம்தின் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். குட்டியின்மேல் குற்றமில்லை, பாதைதான் கரடுமுரடு என்று முதல் அடி. ஓட்டிய பொடியனுக்குத் தூக்கம் என்று இரண்டாம் அடி. மூன்றாவதில் தடுமாறினான். நான்காவது வரவே இல்லை. அவன் குதிரை என்றைக்காவது கடைசியாக வந்திருந்தால்தானே?

கிண்ணத்தோடு அசடு வழிய நின்றான்.

அப்போது குதிரை மேலிருந்து பாட்டு தொடர்ந்தது.

கல்சன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். ஓர் அடி விடவில்லை. சேணவார் தளர்ந்திருந்தது என்றான். புல் இன்னும் முற்றவில்லை என்றான். வருகிற வருடம் ஆயிரம் குதிரைக்கு முன்னால் உன் புழுதிதான் எழும் என்றான். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தான். சிரிக்க வந்தவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள்.

முடிந்ததும் தம்தின் குதிரையின் முதுகில் கொஞ்சம் பால் தெளித்தான். மீதியை இரண்டு கையாலும் ஏந்திக் கல்சனிடம் நீட்டினான். இத்தனை வருடத்தில் அவன் அப்படி நீட்டியதில்லை.

“மாமாவுக்கே தெரியல,” என்றாள் நொமின். “உங்களுக்கு எப்படிப்பா முழுசும் தெரியும்?”

உயங்கா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

கல்சன் ஒரு மிடறு குடித்தான்.

“நான்தான் சொன்னேனேம்மா, ஊரே கூடிப் பாடுச்சுன்னு.”