வசாபிக் குடிநீர்

ரெய்னர்ஸ் லேன் வீட்டுக் குசினியில் தை மாதத்து மதிய வெளிச்சம் அரிசி கழுவின தண்ணீராய்க் கலங்கிக் கிடக்கிறது. கமலநாதன் போர்வையைச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தபடி மனைவி புவனராணியின் கைகளையே பார்க்கிறார். கடுகுபோல் மூக்கில் ஏறும் வசாபி என்ற யப்பான் கிழங்கு வயிற்றுப் புற்றுக்கு நல்லதாம் என்று கோயிலில் யாரோ சொல்ல, மூன்று பஸ் மாறிப்போய் யப்பான்காரரின் கடையில் ஒரு கிழங்கு வாங்கி வந்திருக்கிறாள். பெருவிரல் பருமன்தான் இருக்கும். அதை இஞ்சியைத் தட்டுவதுபோல் உரலில் தட்டி, கொத்தமல்லியும் சேர்த்து, மூன்று கோப்பைத் தண்ணீர் ஒன்றாக வற்றும்வரை அவிக்கிறாள். சட்டி மூடி தடதடக்கிறது. யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே தெரு மறைகிறது. பதினொரு வருடம் யப்பான் உணவகமொன்றில் வசாபி துருவிய கை அவருடையது. துருவிய கொஞ்ச நேரத்திலேயே அதன் காரம் பறந்துவிடும், அடுப்பில் ஏற்றினால் ஒன்றுமே மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று போன கிழமை டொக்டர் இங்கிலீஷில் சொன்னதை அவளுக்குத் தமிழில் சொல்லாமல் விட்டவரும் அவர்தான். அவள் துணியில் வடித்து, கோப்பையை இரண்டு கைகளாலும் நீட்டுகிறாள்.

"சூட்டோடை குடியுங்கோ. உறைப்பு மூக்கிலை ஏறினாத்தான் மருந்து கேக்குமாம்."

ஒரு மிடறு விழுங்குகிறார். வெறும் மல்லித் தண்ணீர். அவள் இமைக்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"உறைக்குதே?"

"ஓம். நல்லா உறைக்குது."

அவர் கண்கள் நிறைந்து வழிவதைப் பார்த்து அவள் நம்பிவிடுகிறாள்.