முழு மயக்கம்

தண்ணீர் பாட்டில் அம்மாவின் நெற்றியில் பட்டுத் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"உன்னை யாருடி கேட்டா?" அப்பா கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. கையில் குத்தியிருந்த ஊசி இழுபட்டு, ரத்தம் விரல் வழியே படுக்கையில் சொட்டியது.

அம்மா நெற்றியைத் தடவக்கூட இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கெஞ்சினாள். "என்னை அடிச்சுக்கோங்க. ஆனா முழு மயக்கமே குடுக்கச் சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

பக்கத்தில் நின்ற மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் இந்த மனுஷன், சாப்பாடு ஆறிப்போச்சு என்று அம்மாவை எட்டி உதைத்தார். விலா எலும்பு இரண்டில் விரிசல். தடுக்கப் போன இவளுடைய மணிக்கட்டில் இன்னும் மாவுக்கட்டு. இவருக்காகவா இந்த அழுகை?

எல்லாம், முழு மயக்கமா அரைத் தூக்கமா என்று கேட்டு மயக்க டாக்டர் நீட்டிய ஒரு தாளால் வந்த வினை. அப்பாவின் மூத்திரப்பையில் கட்டி. உள்ளே கருவி விட்டு, கரண்ட் வைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "கட்டி பக்கச் சுவர்ல இருக்கு. அதை ஒட்டியே காலுக்குப் போற நரம்பு ஓடுது. அரைத் தூக்கத்துல கரண்ட் பட்டா கால் தானா உதைச்சுக்கும். கருவி உள்ள இருக்கறப்ப உதைச்சா பை கிழிஞ்சிடும். முழு மயக்கம்னா தசையைத் தளர்த்திடுவோம், அந்த பயம் ரொம்பக் குறைவு. ஆனா சிகரெட் பிடிச்சுப் பிடிச்சு உங்க நுரையீரல் கெட்டுக் கிடக்கு. முழு மயக்கம் தெளிஞ்சப்புறம் மூச்சுக்கு ரெண்டு நாள் கஷ்டப்படுவீங்க. என்னைக் கேட்டா முழுசுதான் நல்லது. முடிவு உங்களுது."

அப்பா தலையாட்டினார். பேனா 'முழு மயக்கம்' என்ற கட்டத்தின் மேலேயே வந்து நின்றது.

அப்போது பார்த்து அம்மா வாயைத் திறந்தாள். "அதையே போட்டுடுங்க. அதுதான் நல்லது."

பேனா அப்படியே நின்றது. பாட்டில் பறந்தது.

"அய்யா, அவங்க உங்க நல்லதுக்குத்தான்..." என்றார் டாக்டர்.

"நாப்பது வருஷம் லாரி ஓட்டினவன் டாக்டர் நான். முழிச்சுக்கிட்டே பழகினவன். அரைத் தூக்கமே எனக்கு ஜாஸ்தி." பக்கத்துக் கட்டத்தில் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அம்மாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னார். "வெளிய வர்றேன் இரு. நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்ததுக்கு உன் மிச்ச எலும்பையும் எண்ணிடறேன்."

சொன்னால் செய்கிற ஆள்தான். ஸ்ட்ரெச்சர் தியேட்டருக்குள் போனதும் மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, ஓடிடலாம். இவர் இன்னொரு தடவை வீட்டுக்கு வந்தா நீ உயிரோட இருக்க மாட்ட."

"ரெண்டு தடவை ஓடிப் பார்த்தாச்சே. தேடிப் பிடிச்சு நடுரோட்டுல போட்டு மிதிச்சாரு இல்ல?" அம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அரை மணி கூட ஆகியிருக்காது. உள்ளே ஏதோ தட்டு கவிழ்ந்து சாமான்கள் சிதறுகிற சத்தம். "பிடி! காலைப் பிடி!" என்று யாரோ அலறினார்கள். ஒரு நர்ஸ் கதவை இடித்துக்கொண்டு ஓடி வந்து, ரத்தப் பைகளை அள்ளிக்கொண்டு திரும்பவும் உள்ளே ஓடினாள்.

இரண்டு மணி நேரம் கழித்து மயக்க டாக்டர் வெளியே வந்தார். பச்சை அங்கியில் முழங்கால் வரை ரத்தம். "ஒரே உதை. கருவி பையைக் கிழிச்சுக்கிட்டுப் போய்ப் பெரிய ரத்தக்குழாயையும் அறுத்துடுச்சு. வயித்தைத் திறந்தும் நிறுத்த முடியல. மன்னிச்சிடுங்கம்மா."

மகளுக்கு முதலில் வந்தது நிம்மதி. பெற்ற அப்பன் செத்ததற்கா நிம்மதி என்று வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அழுகையும் வந்துவிட்டது.

"நீ எவ்வளவு கெஞ்சினம்மா! வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டிருந்தா பொழைச்சிருப்பாரே!"

அம்மா வீங்கிய நெற்றியை இப்போதுதான் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். டாக்டர் தூரப் போகிறவரை காத்திருந்தாள்.

"கேக்க மாட்டாருன்னுதாண்டி கெஞ்சினேன்."