நிலைப்படிக்கு அந்தப் பக்கம்

இரு கரையிலிருந்தும் வளர்ந்து வந்த நகரம் கடைசியில் இரண்டு நாடுகளுக்கு நடுவே கிடந்த ஜொகூர் நீரிணைக்கு மேலேயே வீடு கட்டிக்கொண்டது. பரிமளம் குடியிருந்த மாடியில் நாட்டு எல்லை அவள் வீட்டு நிலைப்படியோடு ஓடியது. நடைபாதையும் எதிர்வீடும் வேறு நாடு. சாமான்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். ஆட்கள் நாளுக்கு ஒருமுறைதான் தாண்டலாம்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த யோகேஸ்வரி கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் உறைமோர் இருக்கா?"

பரிமளம் கரண்டியில் மோர் கொண்டுவந்தாள். நிலைப்படிக்கு மேலாக எதையும் நீட்டக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள். வாய் தன்னால் சொல்லிற்று.

"படியில நின்னு வாங்கக்கூடாதும்மா. உள்ள வா."

யோகேஸ்வரி யோசிக்காமல் உள்ளே கால் வைத்தாள். நிலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. இனி நாளைக்குத்தான் திரும்ப முடியும்.

எதிர்வீட்டுத் தொட்டிலில் நான்கு மாதக் குழந்தை வீரிட்டது.

யோகேஸ்வரி படியை நோக்கிப் பாய்ந்தாள். பரிமளம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். போன மாதம் இப்படி மீறி ஓடிய மேல்மாடிக்காரி இன்னும் வீடு திரும்பவில்லை.

"விடுங்கக்கா. தாய்ப்பால் தவிர எதுவும் குடிக்க மாட்டான்."

அழுது அழுது குழந்தையின் தொண்டை கட்டிக்கொண்டது. பரிமளம் அடுப்பை அணைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியைத் தாண்டினாள். அவளுடைய ஒருமுறையும் முடிந்தது.

குழந்தைக்கு மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. அதைத் தூக்கி வந்து, தன் வீட்டு வாசலிலேயே வெளியாளாய் நின்றாள். உள்ளேயிருந்து யோகேஸ்வரியின் கைகள் நீண்டன.

"படியில வச்சுதான் குடுக்குறேன்," என்றாள் பரிமளம். "வாங்கிக்க."