எழுந்து நின்ற குச்சிகள்

எல்சிடி திரைகளில் பயன்படும் திரவப் படிகம் ஒன்று தண்ணீர்மேல் எண்ணெய்போலப் படர்ந்திருந்தது; அதில் குச்சிபோன்ற மூலக்கூறுகள் நீரை ஒட்டிப் படுத்துக் கிடந்தன. நீரில் தலையும் எண்ணெயில் வாலும் வைக்கும் சோப்பு மூலக்கூறுகளில், அங்கே வந்த ஒரு குட்டைவால் சோப்புக்கு அது பொறுக்கவில்லை. தலை நீருக்குள் இருந்தும், தொண்டைத் தண்ணி வற்றும்வரை "எழுந்திருங்கப்பா" என்று கத்தியது. அதன் வால் குச்சிகளின் நடுவே எட்டவில்லை. ஒரு குச்சியும் அசையவில்லை.

பிறகு நீளவால் சோப்புகள் வந்தன. "அண்ணே, கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று கேட்டு, குச்சிகளுக்கு நடுவே வாலை நுழைத்தன.

"அதுக்கென்ன, வாங்க." படுத்தபடி இடம் விட முடியாமல் குச்சிகள் எழுந்து, வால்களோடு வரிசையாக நின்றன.

குட்டைவாலுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்த நீளவாலிடம், "பாத்தீங்களா, லேட்டானாலும் என் பேச்சைக் கேட்டுட்டாங்க" என்றது.